கூரைக்குள் வந்த ஓட்டுநர்: காட்டூர்ச் சாலையில் மடிப்புக் கூரை வண்டிகளின் வரலாறு

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே இருக்கிறது காட்டூர். ஐப்பசி மாத மாலையொன்றில் இங்குள்ள ஆட்டோ நிறுத்தத்தில் சிறிது நேரம் நின்று கவனித்தால் இந்தக் கட்டுரையின் பொருள் கண்ணெதிரே விரியும். முதல் தூறல் விழுந்ததும் ஓட்டுநர் இறங்கி வருகிறார். ஹூட்டின் ஓரத்தில் சுருட்டிக் கட்டியிருக்கும் படுதாவின் வாரை அவிழ்க்கிறார். ஒரே உதறலில் அது கீழே தொங்குகிறது. கீழ்க்கம்பியில் இரண்டு முடிச்சு. அரை நிமிடம் முன்பு வரை காற்றோட்டமாகத் திறந்து கிடந்த வண்டி, ஒரு சிறிய அறையாகிவிடுகிறது.

கூரையை ஏற்றவும் இறக்கவும் மடிக்கவும் கழற்றவும் முடிகிற வண்டியை இக்கட்டுரை மடிப்புக் கூரை வண்டி என்று குறிக்கிறது. ‘கன்வெர்டிபிள்’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வெளிநாட்டுச் சொகுசுக் கார். ஆனால் தமிழகத்துச் சாலையில் மிகுதியாக ஓடிய மடிப்புக் கூரை வண்டிகள் மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் ஆட்டோவும்தான். இவற்றை வரிசையாக வைத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். கூரை யாருக்காகப் போடப்பட்டது? அதைக் கையாளுவது எவ்வளவு எளிது? சாமானுக்கு இடம் எங்கே? முதல் கேள்விக்கான விடை காலந்தோறும் மாறிவந்திருக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. உமணர் சகடமும் சேம அச்சும்

தமிழில் வண்டியின் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கிய பழைய பதிவு சங்க இலக்கியத்தில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உப்பு விற்கும் உமணரின் வண்டியைப் பகுதி பகுதியாக வருணிக்கிறது. அந்தச் சகடத்துக்கு வேய்ந்த கூரை உண்டு. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. சிற்றுரல் ஒன்று தொங்குகிறது. கோழி அடையும் கூடும் இருக்கிறது. குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் குடியிருக்கத் தேவையான எல்லாவற்றுக்கும் அந்த வண்டியில் இடம் வகுக்கப்பட்டிருந்தது.

இன்னொரு செய்தி புறநானூற்றின் 102ஆம் பாடலில் வருகிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணர் தம் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென எடுத்துச் செல்லும் கூடுதல் அச்சு அது. இன்று ஸ்டெப்னி என்று நாம் சொல்வதன் முன்னோடி. மாற்று உறுப்பை ஆளும் சரக்கும் இருக்கும் இடத்தில் வைக்காமல், பயன்படாத அடிப்புறத்தில் கட்டிய அறிவு கவனிக்கத்தக்கது. உப்பு நனைந்தால் கரைந்துவிடும். ஆகவே இந்தக் கூரை முதலில் சரக்குக்கு, பிறகு குடும்பத்துக்கு.

2. மொட்டை வண்டியும் கூண்டு வண்டியும்

காவிரிப் பாசனப் பகுதியின் மாட்டு வண்டி பல வேலைக்கு ஆகும் வண்டி. கூண்டு இல்லாதபோது அது மொட்டை வண்டி. நெல் மூட்டையும் வைக்கோலும் எருவும் ஏற்றலாம். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ புறப்படும்போது அதே பாரின் மேல் மூங்கில் வளைத்துப் பாய் போட்டுக் கட்டினால் கூண்டு வண்டி. ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசி பார்க்கச் சென்ற வேளாண் குடும்பங்கள் பலவும் அறுவடைக்குப் பயன்பட்ட அதே வண்டியில்தான் சென்றன. வசதி படைத்தோர் வீட்டில் மட்டும் பயணத்துக்கென வில்வண்டி தனியாக நின்றது.

இருக்கையும் சாமான் இடமும் ஒன்றாக இருந்தது இந்த வண்டியின் சிறப்பு. பாரின் மேல் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்தார்கள். ஏறியவருக்கு அது மெத்தை. போய்ச் சேர்ந்த இடத்தில் மாட்டுக்குத் தீனி. வண்டிக்கு அடியில் கட்டிய வலையிலோ சாக்கிலோ மீதித் தீனி இருக்கும். சாமானை வைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் பூட்டாங்கயிறு கழுத்தை மேலே இழுக்கும். ஆகவே டிரங்குப் பெட்டி எங்கே, பாட்டி எங்கே, பிள்ளைகள் எங்கே என்பதை வண்டிக்காரரே முடிவு செய்தார். அவர் உட்கார்ந்ததோ கூண்டின் வாய்க்கு வெளியே. பாதி நிழல், பாதி வெயில்.

3. ரயில் வந்தபின் ஜட்கா

1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்தது. நிலையத்தில் இறங்கியவரை ஊருக்குள் கொண்டு சேர்க்க விரைவான சிறு வண்டி தேவைப்பட்டது. ஜட்கா எனப்பட்ட குதிரை வண்டி அந்த வேலையை ஏற்றது. பின்புறப் படியில் கால் வைத்து ஏறி, புல் பரப்பிய தளத்தில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். மாட்டு வண்டியின் தீனி மெத்தை இங்கும் தொடர்ந்தது. பாரக் கணக்கும் தொடர்ந்தது. “முன்னால தள்ளி உக்காருங்க” என்பது ஜட்காக்காரரின் வாயில் ஓயாத சொல்.

வில்லாக வளைந்த கூடு பயணிக்கு நல்ல மறைப்பு. ஆனால் அது மடியாது, காற்றும் வராது. ஓட்டுபவரின் இடம் கூட்டுக்கு முன்னே, ஏர்க்காலை ஒட்டிய விளிம்பு. கூரையின் வரலாற்றில் ஜட்கா ஒரு படி முன்னேற்றம் என்றால் அது பயணிக்கு மட்டுமே.

4. ரிக்‌ஷா: மடிந்த கூரை, நனைந்த மனிதர்

ரிக்‌ஷா 1870 வாக்கில் ஜப்பானில் தோன்றி ஆசிய நகரங்களுக்குப் பரவியது. உண்மையான மடிப்புக் கூரை நம் தெருவுக்கு வாடகை வண்டியாக வந்தது இதனோடுதான். சட்டங்கள் ஒரே மூட்டில் விசிறிபோல் மடியும். அவற்றின்மேல் ரெக்ஸின் அல்லது தார்ப்பாய். பயணி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் ஏற்றலாம், இறக்கலாம். கையாளும் எளிமையில் இதை மிஞ்சிய கூரை பிறகு வந்த ஆட்டோவுக்கும் அமையவில்லை. சைக்கிள் ரிக்‌ஷா அதே கூரையை அப்படியே ஏற்றுக்கொண்டது. சாமானுக்கு இருந்த இடம் பயணியின் காலடிப் பலகையும் இருக்கைக்கு அடியில் இருந்த சிறு பெட்டியும்தான்.

ஆனால் அந்தக் கூரை, இழுத்தவரையும் மிதித்தவரையும் வெளியே நிறுத்தியது. இந்த அநீதி தமிழ்ச் சமூகத்தின் கண்ணில் பட்டதற்குச் சான்றுகள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். சென்னையின் ரிக்‌ஷாத் தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு வழங்கினார். 1971இல் வெளிவந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 1973இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, மனிதரை மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷாவை ஒழித்துத் தொழிலாளர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது. அந்த மழைக்கோட்டைக் கொடைச் செய்தியாக மட்டும் பார்த்தால் போதாது. வண்டியின் வடிவமைப்பில் விட்டுப்போன ஒன்றை உடையால் ஈடு செய்த நிகழ்ச்சி அது. பயணிக்குக் கூரை வண்டியிலேயே இருந்தது. ஓட்டுபவர் தன் கூரையைத் தோளில் சுமந்தார்.

5. காரின் சிக்கல்: கூரை மடிந்தால் டிக்கி சுருங்கும்

இதே காலத்தில் மேலை நாடுகளில் மடிப்புக் கூரைக் கார் வேறொரு பாதையில் வளர்ந்தது. பெரும்பாலும் ஓட்டுபவரே உரிமையாளர் என்பதால் அவரும் கூரைக்குள் இருந்தார். அங்கே சிக்கல் இரண்டு: கூரையை இயக்கும் உழைப்பு, மடித்த கூரைக்கான இடம். 1939இல் பிளிமத் கார் வெற்றிட விசையால் இயங்கும் கூரையைக் கொண்டுவந்தது. 1957இல் ஃபோர்டு நிறுவனத்தின் ஸ்கைலைனர், இரும்புக் கூரை முழுவதையும் மோட்டார்களால் மடித்து டிக்கிக்குள் இறக்கியது. பார்த்தவர் வியந்தனர், ஆனால் கூரை இறங்கியபின் டிக்கியில் எஞ்சியது ஒரு சிறு தொட்டி அளவு இடம்தான். 1959உடன் அந்த மாடல் நின்றுபோனது. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 மீண்டும் எளிய துணிக் கூரைக்கே திரும்பியது.

இந்தியாவில் 1947இல் மகிந்திரா கூட்டிணைக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், தார்ப்பாய்க் கூரையை நம் சாலைக்குப் பழக்கியது. அந்த மரபில் 2010இல் வந்த தார், 2020இல் புது வடிவம் பெற்றபோதும் மடிப்புத் துணிக் கூரையை ஒரு தெரிவாக வைத்துக்கொண்டது. கூரைக்கு எவ்வளவு இயந்திரம் சேர்க்கிறோமோ அவ்வளவு சாமான் இடம் குறையும் என்பது கார்களின் வரலாறு தரும் பாடம். இதை மனத்தில் கொண்டு ஆட்டோவைப் பார்த்தால் அதன் துணி ஹூட்டின் அருமை புரியும்.

6. ஆட்டோ: ஒரே கூரையின் கீழ்

வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ அதே அடிப்படையில் உருவாக்கிய மூன்று சக்கர வண்டி, பியாஜியோவின் ஆப்பே. 1948இல் அது இத்தாலியில் விற்பனைக்கு வந்தது. போருக்குப் பிந்தைய இத்தாலியில் சரக்கு ஏற்ற வந்த வண்டி, இந்தியாவில் ஆளை ஏற்றத் தொடங்கியது. பியாஜியோவுடன் தொழில்நுட்ப உடன்பாடு கொண்டிருந்த பஜாஜ் இதில் முன்னணி வகித்தது. ஓட்டுநரும் பயணிகளும் ஒரே குழாய்ச் சட்டத்தின் மேல் விரித்த ஒரே ஹூட்டின் கீழ் உட்கார்ந்தார்கள். முன்னால் கண்ணாடி, மேலே கூரை. இந்த வரிசையில் வாடகை வண்டியை ஓட்டியவருக்கு முழு நிழல் கிடைத்தது இங்குதான். இந்த மாற்றத்தை வண்டி வரலாறு போதிய அளவு பேசவில்லை.

அடுத்த திருப்பம் 1977இல் பஜாஜ் கொண்டுவந்த பின்புற இன்ஜின் ஆட்டோ. அதற்கு முன் இன்ஜின் ஓட்டுநர் அமரும் முன்பகுதியில் இருந்தது. அதன் சூடும் இரைச்சலும் அவருக்கே. இன்ஜின் பின்னால் போனதும் முன்பகுதி ஓட்டுநரின் கருவியும் பொருளும் இருக்கும் இடமாயிற்று. பின் இருக்கையின் சாய்வுக்கும் பின்புறத் துணிக்கும் நடுவே, இன்ஜினுக்கு மேல், ஒரு தட்டு அமைந்தது. பையும் பெட்டியும் அங்கே போயின. கால் வைக்கும் இடம் பயணிக்கே மிஞ்சியது.

இயக்கும் முறையும் ஓட்டுநரின் உடலோடு சேர்ந்தே மாறியது. இடக்கைப் பிடியைத் திருகிக் கியர், அதோடு கிளட்ச், வலக்கையில் ஆக்சிலேட்டர், காலடியில் பிரேக். பழைய வண்டியில் தரையோரம் இருந்த லீவரை மேலே இழுத்து இன்ஜினை உயிர்ப்பிக்க வேண்டும். ஒரு நாளில் பலமுறை குனிந்து இழுத்த ஓட்டுநர்களின் தோளும் இடுப்பும் அந்த உழைப்பை அறியும். செல்ஃப் ஸ்டார்ட் வந்தபின் அது பொத்தானாகச் சுருங்கியது. 2008இல் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் கிங் ஆட்டோவைக் கொண்டுவந்தது. 2018இல் வந்த மகிந்திரா ட்ரியோ போன்ற மின்சார வண்டிகளில் கிளட்சும் கியரும் கூட இல்லை.

7. காட்டூரில் ஒரு ஆட்டோவின் உள்ளே

காட்டூரைச் சுற்றித் தொழில் சூழ்ந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928இல் வந்துசேர்ந்த ரயில்வே பணிமனை ஒருபுறம். 1960களில் திருவெறும்பூரில் எழுந்த பெல் கொதிகலன் ஆலை மறுபுறம். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆட்டோ விடியற்காலையில் காந்தி மார்க்கெட் காய்கறி மூட்டையையும், காலையில் பள்ளிப் பிள்ளைகளையும், மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவரையும் ஏற்றுகிறது. மொட்டை வண்டி கூண்டு வண்டியாக மாறிய அதே கதை, இங்கே ஒரே நாளில் மூன்று முறை நடக்கிறது.

பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்காகப் பக்கக் கம்பியில் கொக்கி வைத்திருப்பார்கள். ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினால் அடியில் ஸ்பேனர், துடைக்கும் துணி, தண்ணீர் பாட்டில். டேஷ்போர்டின் சிறு பெட்டியில் ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட். ஹூட்டுக்கும் மேல்குழாய்க்கும் இடையில் செருகிய செய்தித்தாள். சாலைப் பக்கம் யாரும் இறங்காதபடி வலப்புறம் குறுக்குக் கம்பி. வண்டி வாங்கும்போது கூடவே வராத இத்தகைய வசதிகளைச் சேர்ப்பவர்கள் ஹூட் தைப்பவர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும். எந்த இடத்தில் தையல் இரட்டையாக ஓடினால் மழைநீர் பயணியின் மடியில் சொட்டாது என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

முடிவுரை

இந்த ஆய்வு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, கூரை சரக்கிலிருந்து பயணிக்கும், பயணியிலிருந்து ஓட்டுநருக்கும் நீண்டு வந்திருக்கிறது. நம் வாடகை வண்டிகளின் உண்மையான முன்னேற்றம் இதுவே. இரண்டாவது, சாமானுக்கான இடத்தைத் தனியே ஒதுக்குவதைவிட, ஒரே இடத்துக்கு இரண்டு பயன் காண்பதே தமிழக வண்டி மரபு. வைக்கோல் மெத்தையும் இன்ஜின் மேல் தட்டும் அதன் இரு சான்றுகள். மூன்றாவது, ஓட்டுநரின் வசதி எப்போதும் கடைசியாகவே கவனிக்கப்பட்டது. பெரும்பாலும் அதை அவரும் உள்ளூர்ப் பட்டறையும் சேர்ந்தே அமைத்துக்கொண்டார்கள்.

மின்சார ஆட்டோவை வடிவமைப்பவர்கள் வரைபலகைக்கு முன் உட்காருவதற்கு முன்னால், ஒரு மழைநாளில் காட்டூர் நிறுத்தத்துக்கு வர வேண்டும். ஹூட் தைப்பவரிடமும் ஓட்டுநரிடமும் கேட்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் அந்தப் பட்டறைகளின் சொற்களையும் முறைகளையும் இப்போதே எழுதிவைக்க வேண்டும். பயணிக்காகப் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்காரும் ஓட்டுநரின் வலத்தோள் இன்றும் நனைகிறது. கூரை இன்னும் ஒரு சாண் நீள வேண்டியிருக்கிறது.