ஓடுகள் பொழிந்த நகரம்

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பாடஞ் சொல்லும்போது ஆசிரியர்களாகிய நம்மில் அநேகர் பாரிஸ் நகரின் பஸ்தீல் சிறை வாயிலிலிருந்தே கதையைத் தொடங்குகின்றோம். 1789 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆந் திகதி என்பது மாணவர் மனத்தில் எளிதிற் பதிந்துவிடுகின்றது. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு மேலாக முன்னரே, அல்ப்ஸ் மலைகளின் மடியிலுள்ள கிரெனோபிள் என்னும் மாகாண நகரிற் பொதுமக்கள் வீட்டுக் கூரைகளில் ஏறி நின்று, அரச படையின்மேல் ஓடுகளை மாரியெனப் பொழிந்தனர் என்ற செய்தி நமது வகுப்பறைகளை எட்டுவது அரிது. அந்நகரை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நமக்குப் பயன்தரும். சுற்றுலா வழிகாட்டிகள் காட்டும் இடங்களையே நாமும் காண்போம். ஆனால் அவர்கள் விரைந்து கடக்குமிடத்திற் சற்றே தரித்து நிற்போம்.

கிரெனோபிளுக்கு வருவோர் முதலில் நாடுவது மலையை. சார்த்திரேஸ், வெர்கோர், பெல்தோன் என்னும் மூன்று மலைத்தொகுதிகள் நகரை வளைத்து நிற்கின்றன. இசேர் நதியின் கரையிலிருந்து எதிரேயுள்ள குன்றின் உச்சிக்குக் கம்பிவடத்தில் ஊர்ந்து செல்லும் வண்டி 1934 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. நகர் நடுவே இவ்வாறு அமைந்த கம்பிவட வண்டிகளுள் மிகப் பழையனவற்றுள் அதுவும் ஒன்று. 1976 முதல் பயணிகள் கோளவடிவான கண்ணாடிக் கூடுகளில் அமர்ந்து மேலேறுகின்றனர். உச்சியிலுள்ள கோட்டைக்கும் பஸ்தீல் என்றே பெயர். பெயரொற்றுமை கண்டு இதுவே புரட்சியில் வீழ்ந்த பஸ்தீல் என எண்ணுதல் கூடாது. இன்று நாம் காணும் கோட்டை, புரட்சி அடங்கிப் பல்லாண்டு கழித்து, 1823 இற்கும் 1848 இற்கும் இடையில், அயலிலிருந்த சவோய் நாட்டு எல்லையைக் காப்பதற்கென அக்ஸோ என்னும் தளபதியின் திட்டப்படி எழுந்தது. 1860 இற் சவோய் பிரான்சுடன் இணைந்தபின் கோட்டைக்குக் காவல் வேலை பெரிதாக இல்லாது போயிற்று. இப்பொழுது அது காட்சிமேடை, உணவுச்சாலையும் உண்டு.

மலையைக் காட்சிப் பொருளாக்கிப் பிறர்க்குக் காட்டுவதில் இந்நகரம் முந்திக்கொண்ட நகரங்களுள் ஒன்று. 1889 ஆம் ஆண்டிலேயே பயணிகளை வரவேற்பதற்கென நகரப் பிரமுகர் சங்கமொன்றை அமைத்துவிட்டனர். 1925 இல் இங்கே நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கு 'வெண்ணிலக்கரியும் சுற்றுலாவும்' என்று பெயர் வைத்தனர். வெண்ணிலக்கரி என்பது மலையருவியின் விசை. 1869 இல் அரிஸ்தீத் பெர்ஜேஸ் என்னும் பொறியியலாளர், நகருக்கு அருகே லான்சே என்னுமிடத்தில், ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்திலிருந்து நீரைக் குழாய் வழியே இறக்கித் தம் காகித ஆலையை இயக்கினார். அருவி ஆலை முதலாளிக்குச் சக்தியாயிற்று. அதே அருவி ஓய்வுள்ள வகுப்பாருக்கு அழகுமாயிற்று. கண்காட்சியின் பெயரே இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லிவிடுகின்றது. அதற்கென ஓகுஸ்த் பெரே வலுவூட்டிய சீமெந்துக் கலவையால் எழுப்பிய நெடுங்கோபுரம் நகரப் பூங்காவில் இன்றும் நிற்கின்றது.

கோட்டையிலிருந்து இறங்கினால் ஆற்றின் வலக்கரையில் சான் லோரான் என்னும் பழைய குடியிருப்பு. மலைக்கும் நதிக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கும் ஒடுங்கிய தெரு அது. இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் குடியேறிய பகுதி. இன்று உணவுச்சாலைகளால் நிறைந்திருக்கின்றது. இங்கே சவியே ஜூவான் என்பவருக்குச் சிலை உண்டு. கிரெனோபிளின் பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கொண்டுசென்றது கையுறைத் தொழில். ஆட்டுக்குட்டித் தோலால் ஆன அம்மென்மையான கையுறைகளுக்குக் கையின் அளவுகளை வகுத்து, ஒரே அளவிற் பல கையுறைகளை வெட்டும் கருவியை 1830 களில் ஆக்கியவர் ஜூவான். அவருக்குச் சிலை வைத்தது தகும். ஆனால் வெட்டிய தோலைத் தைத்தவர்கள் யார்? நகரிலும் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலும் வீட்டிலிருந்தபடியே, சோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்த ஆயிரமாயிரம் பெண்கள். சீமாட்டி ஒருத்தி ஒரு மாலைப்பொழுதில் அணிந்து கழற்றும் கையுறையின் தையலுக்காக விளக்கொளியிற் கண்ணைக் கெடுத்துக்கொண்ட அவர்களுடைய பெயர்களைத் தெருவில் எங்கே தேடுவது?

இந்த வினாவுடனேயே பாலத்தைக் கடந்து இடக்கரைக்குச் செல்வோம். சான் அந்திரே சதுக்கத்தில் தோபினே மாகாணத்துப் பார்லமானின் மாளிகை நிற்கின்றது. பார்லமான் என்றதும் மக்கள் தெரிந்தெடுத்த சட்டசபை என நினைத்தலாகாது. அது உயர்ந்த நீதிமன்றம். அதன் பதவிகள் விலைக்கு வாங்கப்படுவன. தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்வன. பெற்றவருக்குப் பிரபுப் பட்டத்தையும் வரிவிலக்கையும் ஈவன. எனினும் அரசனது கட்டளைகளைப் பதிவுசெய்யும் உரிமை அதற்கிருந்தமையால், பதிவுசெய்ய மறுத்து அரசனுக்குத் தடைபோடவும் அதனால் இயன்றது. 1788 மே மாதத்திற் பதினாறாம் லூயியின் அமைச்சர்கள் இந்நீதிமன்றங்களின் அதிகாரத்தை ஒடுக்கும் கட்டளைகளைப் பிறப்பித்தனர். கிரெனோபிள் நீதிபதிகள் பணிய மறுத்தனர். நகரைவிட்டு வெளியேறித் தத்தம் பண்ணைகளுக்குச் செல்லுமாறு அவர்களுக்கு ஆணை வந்தது.

ஆணை கைக்கு வந்த நாள் ஜூன் 7, சனிக்கிழமை. அது சந்தை நாள். சந்தைக்கு வந்திருந்த பெண்களே முதலில் எழுந்தனர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. கடைகள் அடைபட்டன, நகர வாயில்கள் மூடப்பட்டன, நீதிபதிகளின் வண்டிகளிலிருந்து குதிரைகள் அவிழ்த்து விடப்பட்டன. கோயில் மணி அபாய ஒலி எழுப்பவே அயற்கிராமத்து உழவரும் வந்து சேர்ந்தனர். படைத்தலைவரான கிளெர்மோன் தொனேர் பிரபு படைகளைத் தெருவில் இறக்கினார். கூட்டம் கூரைமேல் ஏறிற்று. ஓடுகளைப் பெயர்த்துச் சிப்பாய்கள்மேல் எறிந்தது. சிப்பாய்கள் சுட்டனர், குருதி சிந்திற்று, உயிர்களும் போயின. 'ஓடுகளின் நாள்' என்று பிரெஞ்சுக்காரர் அதனை வழங்குவர். அன்று ஓடுகளுக்குத் தலைகுனிந்து நின்ற படைப்பிரிவொன்றின் சார்ஜன்ற் பெர்னதோத், முப்பது ஆண்டுகளின் பின் சுவீடன் நாட்டின் மன்னராக முடிசூடினார் என்பதை இடையே குறிப்பிட்டுச் செல்லலாம். புரட்சிகள் யார் யாரையோ மேலே ஏற்றிவிடுகின்றன.

அன்றைய காட்சியை ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பாட்டனாரின் வீட்டுச் சாளரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் ஸ்தாந்தால் என்ற புனைபெயரில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியன் அவனே. அவ்வீடு இப்பொழுது நூதனசாலை. தம் இளமை வரலாற்றிலே அவர் இரண்டு உருவங்களைக் குறிப்பிடுகின்றார். ஒன்று, காயமுற்று இருவர் தாங்கிச் சென்ற தொப்பி செய்யும் தொழிலாளி. மற்றொன்று, தேய்ந்த சப்பாத்துக்களைக் கையிற் பிடித்துக்கொண்டு, தான் கலகஞ் செய்வதாகக் கொச்சை மொழியில் உரத்துக் கத்திய முதியவள். அந்நாளைப் பற்றிய ஆவணங்களிற் பிரபுக்களின் கடிதங்களும் அதிகாரிகளின் அறிக்கைகளும் மலிந்துள்ளன. தெருவின் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கும் இடங்கள் சிலவே. இக்கிழவியின் கூச்சல் அவற்றுள் ஒன்று.

இம்மக்கள் யாருக்காகப் போராடினர் என்ற கேள்வியை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது. சலுகை பெற்ற நீதிபதிகளுக்காகவே போராடினர். பார்லமான் இருந்தமையாலேயே வழக்காட வருவோரும் வழக்கறிஞரும் எழுதுவினைஞரும் நகரை நிறைத்தனர். சத்திரக்காரன், தையற்காரன், காய்கறி விற்பவள் யாவருக்கும் அதனாற் பிழைப்பு நடந்தது. ஆகவே அவர்கள் ஏமாளிகள் என்று சொல்வோர் உளர். வேறொரு சாரார் அன்றே ஜனநாயகம் பிறந்துவிட்டது என்று கொண்டாடுவர். நமக்கு இவ்விரண்டும் உவப்பானவையல்ல. நிகழ்ந்ததைப் பார்ப்போம். மாலையிற் படை பின்வாங்கிற்று. கூட்டம் நீதிபதிகளை வீடுவீடாகச் சென்று அழைத்து, அங்கியணிவித்து, மாளிகையிற் கொண்டுபோய் இருத்திற்று. அவர்களோ நடுங்கினர். தமக்காக எழுந்த மக்களைக் கண்டு, தம்மைத் துரத்திய அரசனைக் கண்டதினும் அதிகம் அஞ்சினர். சில நாட்களின் பின் இரவோடிரவாக நகரைவிட்டு நழுவி, அரசன் விதித்தபடியே தம் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தனர்! தாங்கள் யாருக்காகப் போராடினோம் என்பதை மக்கள் அறிந்துகொள்வதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறு கிடைத்திராது.

தெரு ஆற்றிய செயலை எடுத்துக்கொண்டவர்கள் வேறு வகுப்பினர். நீதிபதி மூனியேயும் இருபத்தாறு வயது வழக்கறிஞர் பார்னாவும் முன்வந்தனர். நகரில் ஜூன் 14 ஆந் திகதி பிரமுகர் கூட்டமொன்று நடந்தது. ஜூலை 21 ஆந் திகதி, நகருக்குத் தெற்கேயுள்ள விசீல் என்னும் ஊரின் மாளிகையில் ஏறக்குறைய 500 பிரதிநிதிகள் கூடினர். மூன்று வகுப்பாரின் பொதுப்பேரவை கூட்டப்படல் வேண்டும். மூன்றாம் வகுப்பாருக்கு இரட்டிப்பு உறுப்பினர் வேண்டும். வாக்கு ஆளுக்கொன்றாதல் வேண்டும் என அவர்கள் கேட்டனர். ஆகஸ்ட் 8 ஆந் திகதி, அடுத்த மே மாதத்திற் பேரவையைக் கூட்டுவதாக அரசன் அறிவித்தான். பாரிசில் நடந்தவை அதன் பின்னரே நடந்தன. விசீல் கூட்டம் முற்போக்கானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சந்தைப் பெண்கள் அங்கே இல்லை. தொப்பித் தொழிலாளியின் தோழர்களும் இல்லை.

கிரெனோபிளின் நோத்ர் தாம் சதுக்கத்தில் 1897 இல் அமைத்த நீரூற்று ஒன்று இந்நிகழ்ச்சிகளின் நினைவுச்சின்னமாக விளங்குகின்றது. குருமார், பிரபுக்கள், மூன்றாம் வகுப்பார் ஆகிய மூவரையும் மூன்று வெண்கல ஆடவர் உருவங்களாக வடித்திருக்கின்றனர். பயணிகள் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். ஜூன் 7 ஐ நிகழ்த்தியவர்களுக்கு அதில் இடமில்லை.

விசீல் மாளிகையின் உரிமையாளரை இனிக் கவனிப்போம். கிளோத் பேரியே என்னும் பெருவணிகர் 1780 இல் அதனை வாங்கி, அங்கேயே பருத்தித் துணியில் அச்சடிக்கும் தொழிற்சாலையை நிறுவியிருந்தார். பிரபுவின் மாளிகைக்குள் ஆலை புகுந்துவிட்டது. ஒரு யுகமாற்றத்தை இதனினும் சுருங்கச் சொல்ல முடியாது. புரட்சி அவருக்குக் கேடு செய்யவில்லை. 1800 இல் நெப்போலியன் காலத்திற் பிரான்ஸ் வங்கி உருவானபோது அதன் முதல் நெறியாளர்களுள் அவரும் ஒருவர். அவருடைய மகன் கசிமீர் பேரியே, ஓடுகள் பறந்த ஆண்டில் பத்து வயதுச் சிறுவன். 1831 இற் பிரான்சின் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு நவம்பரில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் தம் நெசவுக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு எழுந்தனர். அவர்மீது படையை ஏவியதும், ஒத்துக்கொண்ட விலைப்பட்டியலைச் செல்லாதாக்கியதும், நெசவாளர்பால் இரக்கங் காட்டிய மாவட்ட அதிகாரியைப் பதவி நீக்கியதும் இந்தக் கசிமீர் பேரியேயின் அரசாங்கமே. தந்தை வீட்டில் உரிமை முழக்கம்; மைந்தன் ஆட்சியில் துப்பாக்கி. இதனை ஒரு குடும்பத்தின் குணக்கேடு என்று கொள்வது பிழை. வென்ற வர்க்கம் வெற்றியின் எல்லையை வகுத்த முறை அது.

விசீலும் பட்டு நெசவாலைகளின் ஊராயிற்று. 1870 இற் பிறந்த லூசி போட் என்பவர் பன்னிரண்டாம் வயதளவில் ஆலைக்குட் புகுந்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேர வேலை. பொறித்தறிகள் விரையும்போதெல்லாம் நெய்த துணியின் மீற்றர்க் கூலி குறைந்தது. 1902 இல் அவர் விசீலில் பட்டுத் தொழிலாளர் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். 1905 இல் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பெண்கள் மூன்று மாதங்களுக்கு மேலாக வேலைநிறுத்தஞ் செய்தனர்; தோற்றனர். லூசி வேலை இழந்து வொரோன் என்னும் மற்றோர் ஆலை நகருக்குச் சென்றார். 1906 இல் அங்கேயும் வேலைநிறுத்தம். இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்டு ஆலை விடுதிகளில் அடைபட்டிருந்த இளம்பெண்களையும் அவர் சங்கத்துக்கு அழைத்தார். அவ்வாண்டு செப்ரெம்பரில் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். தாடை உடைந்தது, உயிர் போகவில்லை. 1908 இல் ஒரு சோசலிச இதழிலே தம் ஆலை வாழ்வைச் சில பக்கங்களில் எழுதி வெளியிட்டார். 1913 இல் இறந்தார்.

பேரியேயின் மாளிகை 1924 இல் அரசுக்குச் சொந்தமாகிக் குடியரசின் சனாதிபதிகள் கோடைகாலத்தில் தங்குமிடமாக இருந்தது. 1984 முதல் அது பிரெஞ்சுப் புரட்சியின் நூதனசாலை. கிரெனோபிளுக்குச் செல்வோர் ஒரு பொழுதை ஒதுக்கிப் பார்க்கவேண்டிய இடம் என நாமும் பரிந்துரைப்போம். கூரைகளில் நிற்கும் மக்களை அலெக்சாந்தர் தெபெல் தீட்டிய ஓவியம் அங்கேதான் இருக்கின்றது. புரட்சியின் நூற்றாண்டு விழாவையொட்டித் தீட்டப்பட்டது அது. அதே காலத்தில் அவ்வூர் ஆலையொன்றில் லூசி போட் என்னும் இளம்பெண் தறியின்முன் நின்றுகொண்டிருந்தார். அவர் எழுதிய சில பக்கங்களைத் தேடியெடுத்து, மிசேல் பெரோ என்னும் வரலாற்றாசிரியை அவரைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டது 2012 ஆம் ஆண்டில்.