ஆஸ்திரேலியா: மொழிப்பன்மையும் மொழியாய்வும்

ஆங்கிலேயர் சிட்னிக் கரையில் குடியேறிய 1788-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. வட்டார வழக்குகளையும் சேர்த்து எண்ணினால் தொகை 800-ஐ எட்டும். 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 55 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை வீட்டில் பேசுவதாகப் பதிந்தனர். அவர்களுள் 76,978 பேர் பேசுவதாகச் சொன்னவை 167 தொல்குடி மொழிகள். ஆஸ்திரேலியா ஆங்கிலம் ஒன்றையே பேசும் நாடு என்ற எண்ணம் இந்த இரு ஆண்டுகளுக்கும் நடுவில் பிறந்தது. நிலப்பறிப்பும் சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அந்த ஒருமொழி நிலையைச் செய்தன. பன்மொழியே அந்தக் கண்டத்தின் நெடுங்கால இயல்பு என்பதற்கு அங்கு நடந்த மொழியாய்வின் வரலாறே வலுவான சான்று.

முதல் பதிவுகள் மொழியியலாளர்கள் செய்தவை அல்ல. 1790, 1791-ஆம் ஆண்டுகளில் வில்லியம் டாஸ் என்ற கடற்படைக் காலாட்பிரிவு அதிகாரி, பட்டியெகராங் என்ற இளம்பெண்ணிடம் சிட்னி மொழியைக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினார். தீயில் கையைக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு இன்னொருவர் விரல்களை மெல்லப் பற்றுவதற்கு அம்மொழியில் தனி வினைச்சொல் உண்டு என்பது அவர் எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. இலண்டனில் கிடந்த அந்தக் குறிப்பேடுகள் 1972-இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. லான்சலட் திரெல்கெல்ட் என்ற பாதிரியார், பிராபன் என்ற தொல்குடி அறிஞரின் துணையோடு அவபகல் மொழிக்கு எழுதிய இலக்கணம் 1834-இல் வெளிவந்தது. அட்டையில் பாதிரியாரின் பெயர்தான் இருந்தது. ஆசிரியராக இருந்து கற்பித்தவர் பிராபன். இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது.

கேளாமல் போனதன் விளைவைக் காட்ட ஒரு சொல் போதும். 'கங்காரு' என்றால் 'எனக்குத் தெரியாது' என்று பொருள், வெள்ளையர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்ற கதை தமிழ்ப் பிள்ளைகள் வரை பரவியிருக்கிறது. அது பொய். 1770-இல் வடகிழக்கே எண்டெவர் ஆற்றங்கரையில் கடலோடி குக்கின் குழுவினர் அந்தச் சொல்லைச் சரியாகவே பதிந்தனர். 1820-இல் அதே இடத்துக்கு வந்த பிலிப் பார்க்கர் கிங்கின் குழுவுக்கு வேறொரு சொல் கிடைத்தது. அது உண்ணத்தகும் விலங்குகளுக்கான பொதுச்சொல். சந்தேகம் அங்கே முளைத்தது. 1970-களில் மொழி ஆய்வாளர் ஜான் ஹேவிலண்ட் அந்த இடத்தின் குகு யிமிதிர் மக்களிடையே தங்கி மொழியைக் கற்றபோது, 'கங்குரு' என்பது பெரிய கங்காருவில் ஒரு வகையின் பெயர் என்பது உறுதியானது. அந்த மக்கள் அந்த இடத்திலேயே, அந்தச் சொல்லைப் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். போய்க் கேட்பவர் இல்லை.

இந்த வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், ஆஸ்திரேலிய மொழிகளின் தன்மை, முன்னிலைப் பெயர்களிலும் அமைப்பிலும் திராவிடச் சாயல் இருப்பதைச் சுட்டினார். ஒலியமைப்பில் அந்தச் சாயல் வியக்கத்தக்கது: மத்திய ஆஸ்திரேலிய மொழிகள் பலவற்றில் நம்முடைய ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய ஆறு மெல்லினங்களும் தனித்தனி ஒலிகளாக உண்டு, க, ப போன்ற வல்லினங்களில் ஒலிப்பு வேறுபாடு பெரும்பாலும் பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலக் காது இந்த நகர வேறுபாடுகளை ஒன்றாகவே கேட்டது. பழைய பதிவுகளின் எழுத்துக்குழப்பம் பெரும்பாலும் இதனால் வந்தது. ஆனால் சாயலை உறவாக எடுத்துக்கொள்ள முடியாது. வடகிழக்கே ம்பாபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வந்த கடன் அது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன், அண்டை மொழிகளில் உள்ள 'குடக' என்ற வடிவம் ஒழுங்கான ஒலிமாற்றங்களால் அப்படித் தேய்ந்ததைக் காட்டினார். வெறும் தற்செயல் இவ்வளவு தூரம் போகும் என்றால், சொல்லொப்புமையை மட்டும் நம்பித் திராவிட உறவு பேசுவோர் தங்கள் வாதத்துக்கு வேறு ஆதாரம் தேட வேண்டும். இன்றுவரை அப்படி ஓர் ஆதாரம் நிறுவப்படவில்லை.

ஒருமொழி நிலையைச் செய்ததில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1901-இல் கூட்டாட்சி அமைந்ததும் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம் மொழியையே வாயிற்கதவாக்கியது. வேண்டாதவருக்கு ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதவைப்பார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934-இல் வந்த எழுத்தாளர் எகான் கிஷ் பல மொழிகள் அறிந்தவர் என்பதால் அவரை ஸ்காட்லாந்துக் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள்; சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அதுவல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தேர்வு 1958 வரை நீடித்தது. முதல் உலகப்போரின்போது தெற்கு ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் பள்ளிகள் மூடப்பட்டன. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 69 ஜெர்மன் இடப்பெயர்கள் அழிக்கப்பட்டன. தொல்குடிப் பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளில் தாய்மொழி பேசினால் தண்டிக்கப்பட்டதும் இதே காலத்தில்தான்.

சிட்னியில் மொழியியலாளர் ஆர்தர் கேப்பெல் இட்ட அடித்தளத்தின் மேல், 1960-களில் ஆய்வு வேகம் கொண்டது. தொல்குடி ஆய்வுகளுக்கான நிறுவனம் 1964-இல் சட்டபூர்வமானது. மொழியியலாளர் கென்னத் ஹேல் பெயரிட்ட பாமா-நியுங்கன் மொழிக்குடும்பம் கண்டத்தின் எட்டில் ஏழு பங்கில் பரவியிருப்பது தெளிவானது. அவர் வால்பிரி மொழியில் கண்ட சொல்வரிசைச் சுதந்திரம் இலக்கணக் கோட்பாட்டையே அசைத்தது: பெயரையும் அதன் அடையையும்கூட அங்கே பிரித்து வாக்கியத்தின் இரு முனைகளில் வைக்கலாம். ஜிர்பல் மொழியில் மாமியார் முன்னிலையில் பேசத் தனிச் சொற்றொகுதியே இருந்தது. அன்றாட வழக்கின் பல வினைகளுக்கு அதில் ஒரே வினை நின்றது. எந்தச் சொற்களைப் பேசுவோர் ஒரே பொருட்குடும்பமாகக் கருதுகிறார்கள் என்பதை டிக்சன் இதைக்கொண்டே கண்டறிந்தார். குகு யிமிதிர் பேசுவோர் இடம் வலம் சொல்வதில்லை. தட்டின் வடக்கே கரண்டி இருக்கிறது என்பார்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் கற்பித்த லூயிஸ் ஹெர்கஸ், விடுமுறைகளில் வறண்ட உள்நாட்டுக்குப் பயணம் செய்து, பல மொழிகளின் கடைசிப் பேச்சாளர்களிடம் ஒலிப்பதிவு நாடாக்களை நிரப்பினார். அவர் போகாதிருந்தால் அந்த மொழிகளில் சிலவற்றின் குரலை இன்று எவரும் கேட்க முடியாது.

சில நூறு பேர் பேசும் மொழி எப்படியும் அழிந்துதான் போகும், யாரையும் குறை சொல்வதில் பயனில்லை என்று வாதிடுவோர் உண்டு. சான்று இதற்கு எதிராக இருக்கிறது. வடக்கே வாருவி என்ற தீவுக் குடியிருப்பில் ஏறத்தாழ 500 பேர் ஒன்பது மொழிகளோடு வாழ்கிறார்கள். ஒருவர் தம் மொழியில் பேச, மற்றவர் அதைப் புரிந்துகொண்டு தம் மொழியிலேயே மறுமொழி சொல்வது அங்கே வழக்கம் என்று மொழியியலாளர் ரூத் சிங்கர் பதிந்திருக்கிறார். மொழி நிலத்துக்கும் தந்தைவழிக்கும் உரியது, அதைக் கைவிடுவது உரிமையைக் கைவிடுவது என்ற எண்ணம் அவற்றைக் காத்தது. ஆள் எண்ணிக்கையே காரணமென்றால் வடக்கின் சிறு மொழிகள் முதலில் போயிருக்க வேண்டும். முதலில் போனவை, மேய்ச்சலுக்கும் நகரத்துக்கும் நிலம் பறிபோன தென்கிழக்கின் மொழிகள். குடிமதிப்பிலிருந்து வேறான ஒரு கணக்கெடுப்பைக் கொண்டு 2020-இல் வெளியான அரசு அறிக்கையின்படி 123 மொழிகள் வழக்கில் இருந்தன. பிள்ளைகள் முதல் மொழியாகக் கற்றவை 12 மட்டுமே.

பொதுமொழி இல்லாமல் நாடு இயங்காது என்பது இன்னொரு மறுப்பு. அது உண்மைதான், ஆனால் அதை மறுத்தவர் எவரும் இல்லை. ஜோசப் லோ பியாங்கோ வரைந்த 1987-ஆம் ஆண்டுத் தேசிய மொழிக்கொள்கை அனைவருக்கும் ஆங்கிலம் வேண்டும் என்றது. கூடவே மற்றொரு மொழியும் வேண்டும் என்றது. குடியேறியோர் மொழிகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த மைக்கேல் கிளைன், ஒருமொழி மனப்பான்மையே நாட்டின் குறைபாடு என்று எழுதினார். டச்சு, ஜெர்மன் மொழிகளை அடுத்த தலைமுறை விரைவில் விட்டதையும் கிரேக்கம் நெடுநாள் தாக்குப்பிடித்ததையும் அவர் குடிமதிப்புகளிலிருந்து காட்டினார். 2021-இல் சுமார் 95,000 பேர் பேசுவதாகப் பதிந்த தமிழுக்கும் இந்தச் சோதனை காத்திருக்கிறது. வட ஆட்சிப்பகுதியில் 1970-களில் தொடங்கிய இருமொழிப் பள்ளிகளை, ஆங்கிலத் திறனைக் காரணம் காட்டி 2008-இல் அரசு முடக்கியது. நாள்தோறும் முதல் நான்கு மணிநேரப் பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளைக்கு அது புரியாத பாடம் என்பதை அந்த ஆணை கணக்கில் கொள்ளவில்லை.

ஆவணத்தில் உறங்கும் மொழி உயிர்பெறாது என்ற கூற்றுக்கு அடிலெய்டின் கௌர்னா மொழியே விடை. அதைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி என்று கருதப்படும் இவரிட்ஜி 1929-இல் மறைந்தார். டைக்கல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மன் பாதிரியார்கள் 1840-இல் வெளியிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும் எஞ்சின. 1990-இல் தொடங்கி, கௌர்னா குடும்பங்களும் மொழியியலாளர் ராப் அமெரியும் அந்த நூலிலிருந்து பாட்டும் பாடமும் வரவேற்புரையும் உருவாக்கினர். பேச்சாளர் தொகை இன்னும் மிகச் சிறியது. ஆனாலும் சில வீடுகளில் பிள்ளைகளிடம் அம்மொழியில் பேசுகிறார்கள். பாதிரியார்கள் நகர, னகர, ணகரங்களைச் சீராகப் பிரித்து எழுதவில்லை. அதனால் இன்று கற்போர் ஒவ்வொரு சொல்லையும் அண்டை உறவுமொழிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டு, நாக்கு எங்கே தொட வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்துக்கொள்கிறார்கள்.