ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கோடாலி

போன தை மாசம் சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் வெல்லம் காய்ச்சுறதைப் பார்க்க வந்திருந்தார். சூடா அச்சு வெல்லத்தைத் தின்னுக்கிட்டே, அடுப்புக்குச் சக்கை தள்ளிக்கிட்டு இருந்த பெரியவரின் வலது கையைக் கவனிச்சார். மூணு விரல் இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஆலை தின்னுருச்சுங்க" என்று சிரித்தார் பெரியவர்.

ரெண்டு மூணு உருளை நெருக்கமாகச் சுத்தும். ஒருத்தர் கரும்பை ஊட்டணும். கரும்புக்கும் கைக்கும் உருளைக்கு வித்தியாசம் தெரியாது. விரல் நுனி மாட்டினால் கையும் பின்னாலேயே போகும்.

இது இன்னிக்கு நேத்து வந்த ஆபத்து இல்லை. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டுக் காலத்தில் ராப்பகலாக ஆலை ஊட்டினார்கள். தூக்கக் கலக்கத்தில் கை மாட்டும். சுத்துற ஆலையை உடனே நிறுத்த முடியாது. அதனால பக்கத்திலேயே ஒரு கோடாலி வைத்திருப்பார்கள், கையை வெட்டி ஆளைக் காப்பாத்த! 1759-இல் வோல்டேர் எழுதிய 'காண்டீட்' கதையில் ஆலையில் விரல் மாட்டியதால் கையை இழந்த ஓர் அடிமை வருகிறார்.

1834-இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. பிறகு அந்த வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம்மாட்களும் உண்டு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் போய் நின்ற 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியதுதான்.

நம்ம நாட்டில் மரத்திலும் கல்லிலும் இருந்த ஆலைகளுக்குப் பதிலாக, 1870-களில் பீகாரின் பீஹியா ஊரில் தாம்சன், மில்ன் என்ற இருவர் இரும்பு உருளை ஆலை செய்து பரப்பினார்கள். மாடு இழுத்த வரைக்கும் ஆள் கத்தினால் மாட்டைப் பிடிச்சு நிறுத்திடலாம். ஆயில் இன்ஜினும் மோட்டாரும் வந்தபிறகு, யாராவது ஓடிப்போய் நிறுத்துறதுக்குள்ள முடிஞ்சுரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் அமல். முதலாளி மேல தப்பு இருக்கான்னு நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் அடிபட்டாலே பொதுவாக இழப்பீடு உண்டு. எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீத இழப்பு என்று ஒரு பட்டியலே அதில் இருந்தது. வடக்கே கதிரடிக்கும் மெஷினில் ஏகப்பட்ட பேர் கை போனபிறகு, 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது.

பெரியவருக்கு விரல் போனது 1992-இல், எங்க ஆலையில்தான். அப்பா ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார், ஒரு கன்னுக்குட்டி கொடுத்தார். 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு தாளில் எழுதி, அவரோட இடது பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டார். ஊரே அப்பாவைத் தாராள மனசுக்காரர்னு சொன்னது. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைச்சேன்.

ரொம்பப் பின்னாடிதான் சட்டத்தைப் படிச்சேன். ஒரு கையில் மூணு விரல் போனால் 30 சதவீத இழப்பு. அவரோட வயசையும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தந்திருக்கணும். உரிமையை விட்டுக்கொடுக்கிறதா எழுதி வாங்கின தாளும் செல்லாது. ஆனால் கேட்க ரெண்டு வருஷம்தான் கெடு. அது எப்பவோ முடிஞ்சு போச்சு. அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாததுல லாபம் மட்டும் எங்களுக்கு.

இப்ப எங்க ஆலையில் ஊட்டுறவர் கைக்கு எட்டும் இடத்திலேயே சுவிட்ச் இருக்கு. கை உள்ளே போகாதபடி நீளமான மரத் தொட்டி வெச்சிருக்கோம். பெரியவருக்கு மாசாமாசம் ஒரு தொகை கொடுக்கிறேன். முதல் தடவை, "எதுக்குங்க தம்பி தர்மம்?"னு கேட்டார்.

"தர்மம் இல்லீங்க, பழைய பாக்கி"ன்னு சொன்னேன்.