சர்வேசுரனுக்குச் சரீரம் உண்டா?

(வானொலி மறையுரை)



உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மிச்சியோ அப்பாருவோ இருந்தால், சிறுவயதில் கோவிலில் படித்த ஞானோபதேசத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சர்வேசுரனுடைய தேவ இலட்சணங்கள் ஆறு என்று தொடங்கி, தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்துவிடுவார்கள். அவர் தாமாகவே இருப்பவர், தொடக்கமும் முடிவும் அற்றவர், சரீரம் இல்லாதவர், அளவில்லாத நன்மையே ஆனவர், எங்கும் நிறைந்தவர், எல்லாவற்றுக்கும் மூலகாரணர். இவற்றில் மூன்றாவதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

கடவுளுக்குச் சரீரம் இல்லை என்று ஒப்பித்த அதே குழந்தை, தலையைத் திருப்பிப் பீடத்தைப் பார்த்தால் அங்கே சுரூபங்கள். வீட்டுக்குப் போனால், சுவரில் மாட்டிய மூவொரு கடவுள் படத்தில் பிதாவானவர் வெண்தாடியோடு அமர்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு இந்து நண்பர் கேட்கிறார்: "உங்க சாமிக்கு உருவம் உண்டுங்களா, இல்லீங்களா?" நம்மில் பலர் இந்தக் கேள்விக்குத் தயங்குகிறோம். ஆனால் இது புதிய கேள்வி அல்ல. இதற்காகத் திருச்சபையில் கண்ணீரே சிந்தப்பட்டிருக்கிறது.

கி.பி. 399ஆம் ஆண்டு. எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான துறவிகள் தவவாழ்வு வாழ்ந்த காலம். அலெக்சாந்திரியாவின் ஆயர் தெயோபிலுஸ், பாஸ்கா விழாவை முன்னிட்டு எழுதிய மடலில், கடவுளுக்கு மனித உருவம் உண்டு என்று எண்ணுவது தவறு என்று அறிவித்தார். துறவிகளில் பெரும்பாலோர் கொதித்துப் போனார்கள். கடவுள் தம் உருவில் மனிதரைப் படைத்தார் என்று தொடக்கநூலில் எழுதியிருக்கிறதே, அப்படியானால் அவருக்கும் நம்மைப் போல் முகமும் கைகளும் இருக்கவேண்டுமே என்பது அவர்கள் வாதம்.

அவர்களுள் செராப்பியோன் என்ற முதியவர் ஒருவர். பல ஆண்டுகள் கடுந்தவம் புரிந்தவர். யாராலும் குறை சொல்ல முடியாத வாழ்வு அவருடையது. போத்தீனுஸ் என்ற திருத்தொண்டர் வந்து, கடவுளின் உருவம் என்பது கண், மூக்கைப் பற்றியது அல்ல, ஆன்மாவைப் பற்றியது என்று பொறுமையாக விளக்கினார். முதியவர் ஏற்றுக்கொண்டார். எல்லாரும் மகிழ்ந்து, நன்றி சொல்ல எழுந்து செபித்தார்கள். அப்போது செராப்பியோன் தரையில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதார். என் கடவுளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்களே, இனி யாரைப் பற்றிக்கொள்வேன், யாரை வணங்குவேன் என்று புலம்பினார். அக்காலத்தில் எகிப்தில் வாழ்ந்த யோவான் கசியானுஸ் என்ற துறவி இதை எழுதிவைத்திருக்கிறார்.

அன்பானவர்களே, அந்த முதியவரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். கண்ணை மூடிச் செபிக்கும்போது நம் மனத்திலும் ஒரு முகம் வருகிறது. அந்த முகத்தை எடுத்துவிட்டால் வெறுமைதானே மிஞ்சும் என்ற அவருடைய பயம் நியாயமான பயம்.

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலுக்கு, ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் வைத்த பெயர் 'தம்பிரான் வணக்கம்'. கடவுளை அன்று தம்பிரான் என்றார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், அதாவது நம் முன்னோர் தத்துவ போதகர் என்று அழைத்தவர், சர்வேசுரன் என்ற சொல்லை வழங்கினார். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஆண்டவர் என்பது அதன் பொருள். 1623இல் அவர் மதுரையிலிருந்து வடக்கே பயணமாகிச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். ஆக, இந்தப் போதனை நம் கொங்கு மண்ணை எட்டி நானூறு ஆண்டுகள் ஆகின்றன. பின்னர் சத்தியமங்கலம் பக்கத்திலும் மதுரை மிஷனின் குருக்கள் பணிசெய்தார்கள்.

அவர்கள் வந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கவில்லை. அருவம், உருவம், அருவுருவம் என்று இறைவனின் நிலைகளைச் சைவ சித்தாந்தம் முன்பே நுணுகி ஆராய்ந்திருந்தது. இத்தகைய மக்களிடம் பேச வந்தவர்கள் மேலோட்டமாகப் பேசித் தப்ப முடியாது. அதனால்தான் ஞானோபதேசத்தில் சரீரமின்மைக்குத் தனி இடம் கிடைத்தது. அதற்கான காரணமும் எளியது. சரீரம் என்றால் உறுப்புகள் உண்டு. உறுப்புகள் சேர்ந்தது ஒருநாள் பிரியும். சரீரம் என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும். ஓர் இடத்தில் இருப்பது இன்னோர் இடத்தில் இல்லை. கருமத்தம்பட்டியிலும் கலிபோர்னியாவிலும் ஒரே நேரத்தில் ஒரு தாயின் செபத்தைக் கேட்பவர் சரீரத்துக்குள் அடங்கியவராக இருக்க முடியாது.

அப்படியானால் கடவுளின் கை, கடவுளின் கண், கடவுளின் செவி என்று விவிலியம் சொல்வது? திருப்பாடல்களில் அவருக்குச் சிறகுகளும் சொல்லப்படுகின்றன. ஆனால் கடவுளைப் பறவை என்று யாரும் எண்ணுவதில்லை. நாமும், "கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க" என்கிறோம். யாரும் காதை அறுத்துக் கொடுப்பதில்லை. நெருக்கடியில் உதவியவரை "கை கொடுத்தார்" என்கிறோம். அன்பைச் சொல்ல மனிதருக்கு வேறு மொழி இல்லாததால், கடவுளும் நம் மொழியிலேயே தம்மைப் பற்றிப் பேச இசைந்தார். ஆனால் இணைச்சட்ட நூலின் 4ஆம் அதிகாரத்தில் மோசே மக்களுக்குத் தெளிவாக நினைவூட்டுகிறார்: ஓரேபு மலையில் அவர்கள் குரலைக் கேட்டார்கள், உருவம் எதையும் காணவில்லை.

இத்தோடு நம் விசுவாசம் முடிந்திருந்தால், செராப்பியோனின் கண்ணீருக்குப் பதில் இல்லாமல் போயிருக்கும். உடலில்லாத கடவுளின் மகன், மரியாவின் வயிற்றில் நம் உடலை எடுத்தார். பசித்தார், களைத்தார், அழுதார். தந்தையைக் காட்டும்படி பிலிப்பு கேட்டபோது, தம்மைக் கண்டவர் தந்தையைக் கண்டவர் என்று பதில் சொன்னார். உயிர்த்த பிறகும் அந்த உடலை அவர் சட்டையைப் போலக் கழற்றி எறியவில்லை. காயத்தோடு தோமாவுக்குக் காட்டினார். சீடர்கள் முன் மீன் உண்டார். அதோடுதான் விண்ணேற்றம் அடைந்தார். ஆகவே நண்பருக்கு நாம் சொல்லவேண்டிய பதில் இதுதான்: கடவுள் தம் இயல்பில் உடலற்றவர், நம்மேல் கொண்ட அன்பினால் அவர் மகன் உடலெடுத்தார், அந்த மனித உடலோடு இன்றும் இருக்கிறார்.

இதனால்தான் சுரூபங்களும் நமக்குக் கூடும். கிறிஸ்துவுக்கு முகம் இருந்ததால் அந்த முகத்தை வரையலாம் என்று 787இல் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் சுரூப வணக்கத்தைக் காத்தது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தது: விவிலியக் காட்சிகளைப் படமாக வரைந்தாலும், இறைத்தன்மையை ஊனக்கண்ணால் காணமுடியும் என்று மக்கள் எண்ணிவிடாதபடி அவர்களுக்குக் கற்பிக்கவேண்டும். வெண்தாடிப் பிதாவின் படம், தானியேல் கண்ட காட்சியிலிருந்து வந்த அடையாளம். அது அவருடைய புகைப்படம் அல்ல. நம் கோவைப் பெரியகடைவீதிப் பேராலயத்தின் பாதுகாவலர் புனித மிக்கேல் அதிதூதரைப் பாருங்கள். வானதூதருக்கும் சரீரம் இல்லை. ஆனாலும் சிறகும் வாளும் வைத்துச் சுரூபம் செய்கிறோம்; அவர் உண்மையில் இறகு முளைத்தவர் என்று யாரும் நம்புவதில்லை.

சுரூபம் என்ற சொல்லையே கவனியுங்கள். பழைய ஞானோபதேசம் கடவுளை நன்மைச் சுரூபி என்கிறது. நன்மையே தம் வடிவானவர் என்று பொருள். மரத்திலும் சாந்திலும் செய்ததையும் சுரூபம் என்கிறோம். மாலை போடுவது கைசெய்த சுரூபத்துக்கு. மனம் போய்ச் சேரவேண்டியது நன்மைச் சுரூபியிடம்.

கடைசியாக ஒன்று. இது நம்மைச் சுடக்கூடிய உண்மை. சரீரம் என்றால் நிறம் உண்டு, பிறந்த தெரு உண்டு, குலம் கேட்பவர்களும் உண்டு. சரீரமில்லாதவருக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் நம் வரலாற்றில் என்ன நடந்தது? சாதி வழக்கத்தை மீற முடியாமல், மேல்சாதியார் எனப்பட்டவர்களுக்குச் சந்நியாசி கோலத்தில் ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்காக 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்று மதுரை மிஷன் பிரித்து அனுப்பியது. சாதி பார்க்கும் ஊரில் நற்செய்தி உள்ளே நுழைய அது ஒரு வழியாக இருந்திருக்கலாம். ஆனால் இருசாராருக்கும் போதிக்கப்பட்ட சர்வேசுரன் ஒருவரே. அந்தப் பிரிவினையின் மிச்சம், பெண் பார்க்கும்போதும், விருந்தில் இலை போடும்போதும், கல்லறைத் தோட்டத்திலும் இன்றும் நம்மிடம் தலைகாட்டுகிறது. நம்மை அறியாமலே, நம் சாதிக்காரர் ஒருவரைப் போன்ற கடவுளை மனத்தில் வரைந்து வைத்திருக்கிறோமோ?

திருப்பலியில் நாம் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, கிறிஸ்துவின் உடல் என்று சொல்லப்படும்போது ஆமென் என்கிறோம். நமக்கு முன்னால் நிற்பவரும் அந்த உடலின் உறுப்புதான். யாரைப் பற்றிக்கொள்வேன் என்று அழுத செராப்பியோனுக்குத் திருச்சபை தரும் பதில் அந்த வரிசையில் இருக்கிறது. பசித்தவருக்கும் நோயுற்றவருக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாக மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, பாஷை தெரியாமல் நம் கோவில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வடமாநில இளைஞனும் அதில் அடக்கம். இந்த ஞாயிறு அவன் பெயரைக் கேட்டு, பக்கத்தில் அமர்வோம்.

செபிப்போம்: சரீரமில்லாத சர்வேசுரா, எங்களுக்காக உம் மகனை மனிதராக அனுப்பினீர். நாங்களாக வரைந்துகொண்ட முகங்களை அகற்றி, அவருடைய முகத்தை ஒருவர் மற்றவரிடம் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். ஆமென்.