மயக்க ஊசி போட்ட குதிரைக்கு உடனே தீனி வேண்டாம்

செமிலிங், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் மாடு, ஆடு வளர்ப்போர் அதிகம். குதிரை வைத்திருப்போர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆனாலும் 1864இல் பினாங்கில் பந்தயக் கழகம் தொடங்கிய வட பகுதியில் குதிரையும், அதைப் பராமரிக்கும் சைஸ் வேலையும் நம்மவர்களுக்குப் புதிதல்ல.

பல் ராவுதல், காயத்திற்குத் தையல் போடுதல் போன்றவற்றுக்குக் கால்நடை மருத்துவர் குதிரைக்கு மயக்க ஊசி போடுவார். பெரும்பாலும் பயன்படுவது சைலசின் அல்லது டெட்டோமிடின். இதில் சைலசின், 1962இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் இரத்த அழுத்த மருந்தாகத்தான் முதலில் உருவானது.

இந்த ஊசியில் குதிரை நின்றபடியே தலையைத் தொங்கவிடும். அந்த நேரத்தில் விழுங்கும் திறன் குறைகிறது, குடல் அசைவும் மந்தமாகிறது. வாயில் இருக்கும் வைக்கோல் தொண்டைக்குழாயில் அடைத்துக்கொள்ளலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதுதான் இங்கே பெரிய சிக்கல். அடைத்தது தானாக மேலே வராது. அடைப்பின்போது தீனியும் எச்சிலும் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

ஆகவே ஊசிக்கு முன்பே தீனித்தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும். கீழே விரித்த வைக்கோலையும் அரைமயக்கத்தில் குதிரை மேயும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வாய்க்கூடை கட்டிவிட்டால் கவலை இல்லை. அறுவை சிகிச்சைக்கான முழு மயக்கம் என்றால் எத்தனை மணி நேரம் பட்டினி போடுவது என்பதை மருத்துவரே சொல்வார்.

சைலசின் வேகம் பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள் தணியும். டெட்டோமிடின் இன்னும் நீடிக்கும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் குதிரையைப் பார்க்க வேண்டும். தலை வழக்கமான உயரத்திற்கு வந்து, தொங்கிய கீழுதடு இறுகி, காது அசைந்து, தள்ளாடாமல் நடந்தால் தெளிந்துவிட்டது என்று பொருள். முதலில் தண்ணீர், பிறகு கைப்பிடி பச்சைப்புல். கொள்ளு, உருண்டைத் தீவனம் எல்லாம் கடைசியில்தான், அதுவும் ஊறவைத்து.

மூக்கு வழியே தீனி கலந்த எச்சில் வடிந்தாலும், கழுத்தை நீட்டி இருமினாலும் அடைப்பு. காலால் தரையைக் கீறி, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, சாணம் போடாமல் உருண்டால் வயிற்றுவலி. இரண்டுக்கும் எண்ணெய் புகட்டுவது போன்ற கைவைத்தியம் ஆபத்து. தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

மாடு வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை: சைலசின் மாட்டுக்குக் குதிரை அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதும். குதிரைக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தை மாட்டுக்கோ ஆட்டுக்கோ யாரும் சொந்தமாகப் போடக்கூடாது.