இல்லை என்று சொல்லும் கடமை

மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றுபவன் என்பனவே அந்நான்கு. இக்காலத்தில் மருந்து என்னும் உறுப்பினுள் குளிகை மட்டுமன்றி, கையுறை, ஊசி, தையல் நூல், மூச்சுக் குழாய், கண்வில்லை முதலிய கருவிகளும் அடங்கும். இவற்றுள் ஒன்று இல்லாதொழியின், ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லை. அவ்வில்லாமையைக் களஞ்சியப் பொறுப்பாளர் முதலில் அறிகிறார். அடுத்து வைத்தியரும் தாதியரும் அறிகின்றனர். எல்லார்க்கும் பின்னரே நோயாளி அறிகிறான். இவ்வரிசை முறையானதா என்னும் வினாவை இலங்கையின் வரலாறு மீண்டும் மீண்டும் எழுப்பியுள்ளது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துள்ள கடற்கரைச் சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாலும் மீன்பிடித் தொழிலாலும் அறியப்படும் ஊர் அது. உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம் அதற்கு அணித்தே உள்ளது. ஆயினும், அவ்வூரார் ஒருவருக்குத் திருகோணமலை வைத்தியசாலையில் பயன்படும் மருத்துவப் பொருள்களுள் பெரும்பாலானவை பிற நாடுகளில் ஆக்கப்பட்டு, கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவின் களஞ்சியத்தில் தங்கி, 250 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தரைவழியைக் கடந்தே வந்து சேர்கின்றன. இந்நெடுவழியில் எவ்விடத்தில் தடை நேரினும், அதன் விளைவு சல்லியில் தெரியும். தடைப்பட்ட பொருளை வெளியே வாங்கி வருமாறு ஒரு துண்டுக் கடிதம் கையில் தரப்படும்போதே, குறைபாடு என்ற செய்தி அக்குடும்பத்துக்கு எட்டுகிறது. கடலுக்குச் சென்று மீள்பவனுக்கு அன்றைய வருவாயே அன்றைய செலவாகும். ஒரு மாதம் முன்னரே அறிந்திருந்தால் அவன் ஏதேனும் வழி தேடியிருப்பான். அன்று காலையில் அறிபவனுக்குக் கடனைத் தவிர வேறு வழி இல்லை.

குறைபாட்டை அறிவிப்பதற்கு, எவை இருக்க வேண்டும் என்ற பட்டியல் முதலில் வேண்டும். அப்பட்டியலை வகுத்த பெருமையில் இலங்கைக்குச் சிறந்த இடம் உண்டு. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும், பாராளுமன்ற உறுப்பினரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் பயனாக, அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நாட்டிலே பற்பல வணிகப் பெயர்களில் உலவிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் ஆராயப்பட்டு, இன்றியமையாதன எனக் கண்ட 600 அளவினவாகச் சுருக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை 1977இல் வெளியிடுமுன்னரே இத்தீவு அப்பாதையில் அடியெடுத்து வைத்துவிட்டது. பட்டியல் சிறியதாயின் எண்ணுதல் எளிது. எண்ணுதல் எளிதாயின் குறைந்தது எதுவென உடனே தெரியும். பிபிலே வகுத்த முறையின் உள்ளுறை இதுவே. எண்ணியதை மக்கள்முன் வைத்தல் அதன் அடுத்த படி. அப்படியை நாடு முழுமையாக ஏறவில்லை.

ஏறாமையின் விலையைத் திருகோணமலை தன் கண்முன் கண்டது. 2009 பெப்ரவரியில், செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையுடன், புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டனர். மார்ச் மாதத்திலிருந்து புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவொன்று அவர்களுட் பலருக்குச் சிகிச்சை அளித்தது. அக்காலத்தில் போர்ப் பகுதியில் எஞ்சியிருந்த மக்கள் 70,000 அளவினரே என அரசாங்கம் கூறிற்று. போர் முடிந்தபோது முகாம்களை வந்தடைந்தோர் 280,000 பேருக்கும் மேற்பட்டவர். அனுப்பப்பட வேண்டிய மருந்தின் அளவு மக்கள் தொகையைக் கொண்டே கணிக்கப்படும்; தொகை குறைந்தால் மருந்தும் குறையும். வைத்தியசாலைக்கு வந்த பின் இறந்தோருட் பலர், வேண்டிய மருந்துகள் இருந்திருப்பின் பிழைத்திருப்பர் என அங்கு பணியாற்றிய அரச வைத்தியர்கள் சுகாதார அமைச்சுக்கு எழுதினர். போர் முடிந்தபின் அவ்வைத்தியர்கள் சில மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டனர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கை, தொகை குறைத்துக் கூறப்பட்டமையையும் அதனால் மருந்து வழங்கல் குன்றியமையையும் எடுத்துரைத்தது. அரசாங்கம் அவ்வறிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் முகாம்களில் எண்ணப்பட்ட தலைகள், முன்னர்க் கூறப்பட்ட தொகைக்குப் பொருந்தவில்லை என்பது எவரும் அறியத்தக்க உண்மையாகும்.

போரில் மட்டுமே இது நிகழும் என எண்ணியிருந்தோர்க்கு 2022ஆம் ஆண்டு விடையளித்தது. அந்நியச் செலாவணி வற்றியது. மருத்துவப் பொருள்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றை இறக்குமதி செய்யும் நாடு அவற்றுக்கு விலை கொடுக்க இயலாது நின்றது. மார்ச் மாத இறுதியில், பேராதனைப் போதனா வைத்தியசாலை முன்குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அதே மாதத்தில், பச்சிளங் குழந்தைகளின் மூச்சுக்குழலினுட் செலுத்தும் குழாய்கள் தீரும் நிலையில் உள்ளன என்றும், ஒருமுறை பயன்படுத்தியதைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்த நேர்ந்தது என்றும் குழந்தை மருத்துவர்கள் வெளிப்படையாக முறையிட்டனர். 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சங்கம் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில், இந்நிலை நீடிப்பின் பெருந்தொற்று, ஆழிப்பேரலை, போர் ஆகியவற்றின் மொத்த உயிரிழப்பையும் விஞ்சும் இழப்பு நேரலாம் என எச்சரித்தது.

அம்முறையீடுகளால் விளைந்தது யாது? பேராதனைச் செய்தி வெளிவந்ததும், அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதனைக் கண்டு வருந்தி, உதவும் வழியை ஆராயுமாறு தம் தூதரகத்தைப் பணித்தார். ஏப்பிரல் 29இல், இந்தியக் கடற்படைக் கப்பலான காரியால் 107 வகை மருந்துகளைக் கொண்டுவந்தது. அதே நாளில், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உதவிப் பொருள் அனுப்பத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அரிசி, பால்மா ஆகியவற்றோடு 137 வகை மருந்துகளும் அவ்வுதவியுள் அடங்கின. 107 என்றும் 137 என்றும் வகை பிரித்து அனுப்ப முடிந்தது எதனால்? இன்னது இல்லை என்று வெளிப்படச் சொல்லப்பட்டதனால் அன்றோ! பெயர் தெரியாத பசிக்குச் சோறு அனுப்பலாம். பெயர் தெரியாத குறைக்கு மருந்து அனுப்ப இயலாது.

இங்கே ஒரு மறுப்பைக் கருத வேண்டும். குறைபாட்டை அறிவித்தால் மக்கள் அஞ்சுவர், வசதியுள்ளோர் வாங்கிப் பதுக்குவர், வணிகர் விலையை உயர்த்துவர் என்று நிர்வாகிகள் கூறுவதுண்டு. அது வெறும் சாக்கன்று. அவ்வாறு நிகழ்வதும் உண்டு. ஆனால் மறைத்தலால் பதுக்கல் ஒழிவதில்லை. உள்ளிருந்து செய்தி அறிந்த சிலர்க்கு மட்டும் அது எளிதாகிறது. மறைத்த குறைபாடு ஒருநாள் முற்றி வெடிக்கும்போது, விலைமனு முறைகளைக் கடந்து அவசரக் கொள்வனவு செய்ய நேர்கிறது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கப்பட்டது பற்றிய விசாரணையில், முன்னர்ச் சுகாதார அமைச்சராயிருந்தவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டமை, அவசரக் கொள்வனவின் மீது நாடு எத்துணைக் கண்காணிப்பு வைக்க வேண்டும் என்பதைக் காட்டிற்று. குற்றத்தை முடிவுசெய்வது நீதிமன்றத்தின் பணி. ஒளியில்லா இடத்தில் ஐயம் வளரும் என்பதை அறிய நீதிமன்றம் வேண்டியதில்லை.

அச்சம் தோன்றாதவாறு அறிவிக்கவும் முறை உண்டு. இல்லாதது எது, எந்நாள்வரை அவ்வாறிருக்கும், அதற்கு மாற்று எது, அவசர நோயாளிக்கென ஒதுக்கியது எவ்வளவு என நான்கையும் ஒருங்கே சொல்வதே அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 2020 மார்ச்சில் இயற்றிய சட்டம், பொதுச் சுகாதார நெருக்கடிக் காலத்தில் மருத்துவக் கருவிகளின் வழங்கல் தடைப்படக்கூடுமாயின் உற்பத்தியாளர் அதனை முன்கூட்டியே அரசுக்கு அறிவிக்க வேண்டுமெனப் பணித்தது. அவ்வாண்டு ஓகஸ்டிலிருந்து குறைபாட்டுப் பட்டியல் பொதுமக்கள் காண வெளியிடப்பட்டது. செல்வம் மிக்க நாடும் இல்லை என்று சொல்ல நாணவில்லை.

இலங்கையிலும் சட்டம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி வெளியிடத்தக்க தகவலை வெளியிட்ட அலுவலரைத் தண்டித்தலாகாது என அதன் 40ஆம் பிரிவு காப்பளிக்கிறது. எனினும் 2022 செப்ரெம்பரில், அரச அலுவலர் சமூக ஊடகங்களில் கருத்துரைத்தால் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாவர் என நினைவூட்டும் சுற்றறிக்கை வெளிவந்தது. சட்டம் வாயைத் திறக்கச் சொல்ல, சுற்றறிக்கை மூடச் சொன்னால், களஞ்சியத்தில் நிற்கும் எளிய அலுவலர் எதற்கு அஞ்சுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1964 டிசம்பரில், திருகோணமலைக் கரையைத் தாக்கிய சூறாவளியே பின்னர்த் தனுஷ்கோடியையும் அழித்தது. அதன் பின்னர் பிறந்தோரும் அக்கதையைக் கேட்டே வளர்ந்தனர். இன்று காற்று எழுமென வானிலை நிலையம் அறிவித்தால், சல்லியார் வள்ளங்களைக் கரையேற்றுவர். அறிவித்தவர் மக்களை அச்சுறுத்தினார் என எவரும் குறைகூறுவதில்லை. அறிவிக்காமல் விட்டால்தான் குறை. மருந்துக் குறைபாடும் அத்தகையதே. அதனை உண்டாக்கியவர் வேறு, அறிவிப்பவர் வேறு என்னும் தெளிவு ஆட்சியாளர்க்கும் மக்களுக்கும் வேண்டும். ஒவ்வொரு வைத்தியசாலையின் வாயிலிலும், அன்று இல்லாத பொருள்களின் பெயர்களும் அவை வரும் நாளும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு பலகை நிற்குமாயின், அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அப்பலகையை எழுதும் அலுவலர்க்குத் தீங்கு நேராது என்னும் உறுதியே அதற்கு வேண்டிய முதல்.