சலாபத்தை எழுப்பியவர்கள்

மன்னார் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, என்றதும் கல்லின் பாரத்தோடு மூச்சடக்கிக் கடலில் இறங்கும் குளியாள்தான் கண்முன் நிற்கிறார். ஆனால் அவரை இறங்கவைத்த ஏற்பாடு மாதக்கணக்கில் முன்பே ஓடத் தொடங்கிவிடும். அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துச்சிப்பி விளையும் பார்களை அதிகாரிகள் சோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டு, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். தேறினால்தான் அறிவிப்பு. அதன்பின்தான் தோணிகளும் அவற்றின் சொந்தக்காரரான சம்மாட்டிகளும் வணிகரும் வந்திறங்கி, வெறும் மணலில் ஒரு நகரம் முளைக்கும். வீட்டுக் கணினியை முடுக்கியதும் நாம் கேளாமலே பின்னணியில் எழும் சேவைகளைப் போன்றவை குளியாளுக்குப் பின்னால் நடந்த இந்த வேலைகள். எது தேவை, எதை அணைக்கலாம் என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. பெயரையும் சொல்லப்பட்ட வேலையையும் மட்டும் வைத்து அதற்குப் பதில் சொன்னால் தவறிப்போகும் என்பதே என் கட்சி.

கடல்கட்டியை எடுத்துக்கொள்வோம். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கரையில் மந்திரம் ஓதும் பரம்பரைத் தொழிலாளர் அவர். ஆங்கில அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இத்தனைக்கும் குளியாள்களைச் சுறா தாக்குவது மிக அரிது என்று அந்த அரசின் அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான தோணிகளின் இரைச்சலே சுறாவை விரட்டப் போதும். அப்படியானால் இது தண்டச்சம்பளம்தானே, குளியாளின் அச்சத்தை விற்றுப் பிழைப்பதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அவர் இல்லாமல் குளியாள்கள் இறங்க மறுத்தார்கள். கத்தோலிக்கரான பரவக் குளியாள்களும் அவரை நம்பினர். சுறாவைக் கட்டினாரோ இல்லையோ, தோணியைக் கிளப்பினார். அரசு அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கூலி கொடுத்தது.

பார்ச் சோதனையின் கதை வேறு. சிப்பி முதிர நாலைந்து ஆண்டு வேண்டும். முந்தினால் முத்துச் சிறுக்கும், பிந்தினால் சிப்பி செத்து முத்து மணலில் போகும். ஆகவே சோதனையின் உண்மையான பயன் ‘குளி’ என்று சொல்வதைவிட ‘பொறு’ என்று சொல்வதில் இருந்தது. அந்தப் பொறுமை இல்லாமல் 1796 முதல் 1798 வரை மூன்று ஆண்டும் தொடர்ந்து குளித்தார்கள். பெரும்பணம் வந்தது, பிறகு பார்கள் வெறுமையாயின. சோதனை இருந்தும் தொழில் அழிந்ததே என்று மறுப்பவர்கள் 1905ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு எடுத்த சிப்பி சுமார் 8 கோடி; அரசுக்கு வந்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் போயின. நீரோட்டத்துக்கும் சிப்பி தின்னும் திருக்கைக்கும் அழிவில் பங்குண்டு, குத்தகையை மட்டும் பழிப்பது முறையல்ல. ஆனால் சிப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் 3,10,000 ரூபாய் கட்டவேண்டிய கம்பெனிக்குப் ‘பொறு’ என்ற சொல்லால் என்ன பயன்? சோதனை நிற்கவில்லை, அதன் விடைக்குத்தான் மதிப்பில்லாமல் போனது.

1907க்குப் பிறகு பழைய அளவில் சலாபம் கூடவில்லை. அதை மேற்பார்க்க ஆங்கில அரசின் ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை இன்று இடிந்து, துண்டு துண்டாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது.